கண்ணீர் மல்க நன்றி கூறினார்

அன்வர் பாஷா எழுதிய செய்திகளில் பாதிக்கு மேல், சம்பவம் நடப்பதற்கு முன்னாலேயே எழுதப்பட்டவை.

குற்றமாகச் சொல்லவில்லை, வேலையே அப்படி. எங்கள் ‘நாலு வீதி’ ஓர் இலவச வார இதழ். மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் சனிக்கிழமை காலையில் கேட்டுக்கு அடியில் செருகிக் கிடக்குமே, பல வீடுகளில் அன்று மத்தியானமே வெங்காயத் தோலோடு சேர்ந்து போய்விடுமே, அதுதான். புதன்கிழமை சாயங்காலம் பக்கங்களை மூடுவோம். வியாழக்கிழமை அச்சு. ஆனால் ஊர் விசேஷங்கள் சனி, ஞாயிறில்தான் நடக்கும். அடுத்த வாரம் வரை காத்திருந்தால் செய்தி ஆறிப்போன காபி. எனவே சனிக்கிழமை நடக்கப்போவதைப் புதன்கிழமையே ‘நடைபெற்றது’ என்று எழுதிவிட வேண்டும். அந்த வித்தையில் அன்வர் பாயை மிஞ்ச ஆளில்லை.

“மூணே மூணு மசாலா போதும் நைனா, எந்தக் கறியும் வெந்துடும்,” என்பார். கோயில் என்றால் ‘பக்தர்கள் வெள்ளத்தில்’. பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ‘கரவொலி அதிர’. யாராவது யாருக்காவது தையல் மெஷின் கொடுத்தால் ‘கண்ணீர் மல்க’. மிச்சத்தை அழைப்பிதழைப் பார்த்து நிரப்பிவிடுவார்.

சில சமயம் மாட்டிக்கொள்வதும் உண்டு. சனிக்கிழமை காலையில் ஆபீஸ் போன் அடிக்கும். சித்திரக்குளம் பக்கத்து மாமி ஒருத்தி.

“ஏன் சார், தேர் நிலைக்கு வந்துடுத்துன்னு போட்டிருக்கேளே? நான் வாசல்லயே நின்னுண்டிருக்கேன், இன்னும் வடமே பிடிக்கலையே?”

“வந்துடும் மாமி,” என்பார் பாய், தானே இழுத்து வருகிற தெம்போடு. “நீங்க காபி சாப்ட்டுட்டு வாங்க. தேர் எங்க பூடப்போவுது?”

சிரிப்பாக இருந்தாலும் அவருக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. எழுதிய விசேஷம் ஒவ்வொன்றுக்கும் தன் டிவிஎஸ் வண்டியில் போய்விடுவார். கூட்டத்தின் ஓரத்தில், சட்டைப்பையில் மடித்து வைத்த பேப்பரோடு நின்று, எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பார். நடந்துவிட்டால் அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டு, “கரெக்டா வந்துச்சி,” என்பார், ஏதோ கல்யாண வீட்டில் சாம்பார் பதம் சொல்கிற மாதிரி. மாறியிருந்தால் அடுத்த வாரம் சின்னதாக ஒரு திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரோடு மல்லுக்கு நிற்பார். முன்கூட்டி எழுதுவது பொய்யில்லை என்று அவர் நம்பியதே இந்தப் போய்ப் பார்க்கிற பழக்கத்தால்தான்.

மீர்சாகிப்பேட்டையில் வீடு. அப்பாவுக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற கடை இருந்தது. பாய் எங்களிடம் வந்தது விளம்பரம் பிடிக்கத்தான். ஒரு அறுபத்து மூவர் உற்சவத்தன்று நிருபர் வரவில்லை. “நீரே எழுதும் ஓய்,” என்று ஆசிரியர் வெங்கடேஷ் பேனாவை நீட்டியிருக்கிறார். பாய் வாங்கினார். அப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நாளாக ஆக, பிரதோஷம் என்றைக்கு என்று மாமிகள் பாயிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் அவர் மனைவி நஸ்ருன்னிசா, “எங்கூட்டு ஆளுக்கு ரம்ஜான் பிறை எப்போன்னு தெரியாது, தெப்பம் எப்போன்னு தெரியும்,” என்று சிரிப்பார்.

இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு விருதும் வந்ததில்லை. வருஷா வருஷம் ஆகஸ்டில், தி.நகரில் ஒரு மண்டபத்தில், வட்டாரப் பத்திரிகைகளுக்கும் மக்கள் தொடர்பு நிறுவனங்களுக்கும் சேர்த்து விருது கொடுப்பார்கள். செய்தி கொடுக்கிறவர்களும் செய்தி போடுகிறவர்களும் ஒரே மேடையில், பெண் வீடும் பிள்ளை வீடும் தட்டு மாற்றிக்கொள்கிற மாதிரி. பாய் வருஷம் தவறாமல் போவார், கைதட்டுவார், பாதாம் பால் குடிப்பார், வந்துவிடுவார். மறுநாள் நஸ்ருன்னிசா, “இந்த வருசமும் உங்கள கண்ணு தெரியலியா அவங்களுக்கு?” என்று கேட்பார். ஷோகேஸில் மகளின் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் ஓர் இடத்தை அவர் காலியாகவே வைத்திருந்தார்.

அந்த விருது கடைசியில் வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

பிப்ரவரியில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அறக்கட்டளை, அடையாறு ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் சிலருக்குச் செம்மஞ்சேரிக்கு அந்தப் பக்கம் வீடு கொடுக்கப் போவதாக அறிவித்தது. அவர்களுக்கு மக்கள் தொடர்பு பார்த்தது கயல் என்கிற பெண். கெட்டிக்காரி, நல்லவளும்கூட. எல்லோரையும் அங்கிள் ஆன்ட்டி என்பாள். புதன்கிழமை காலையில் செய்திக்குறிப்பும் போட்டோவும் வந்துவிட்டன. போட்டோவில் தேவானை என்கிற பெண், மந்தைவெளி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள், ஒரு சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமதானேமா சாவி குடுக்கறாங்க? இது ஏது?” என்று பாய் போனில் கேட்டார்.

“அது என் ஸ்கூட்டி சாவி அங்கிள்! சும்மா ஒரு பீலுக்கு. கீசெயின்ல கரடி பொம்ம இருந்துச்சி, கழட்டிட்டேன்.”

பாய் சிரித்துக்கொண்டே எழுதினார். ‘இனி எங்கள் வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் வராது என்று, புதிய வீட்டின் சாவியைப் பெற்றுக்கொண்ட தேவானை கண்ணீர் மல்கக் கூறினார்.’

வெள்ளிக்கிழமை அறக்கட்டளையில் யாரோ பெயர்களை மறுபடியும் பார்த்தார்கள். தேவானையின் ரேஷன் கார்டு புருஷன் பெயரில் இருந்தது. புருஷன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது. அவள் பெயரை அடித்துவிட்டு வேறொருத்தர் பெயரைச் சேர்த்தார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை புதுப்புடவை கட்டிக்கொண்டு மற்றவர்களோடு வேனில் போனாள். கடைசிப் பெயரைக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தாள். அதே வேனில் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு மட்டும் பாய் போய்ப் பார்க்கவில்லை. நஸ்ருன்னிசாவுக்கு அன்றுதான் கண்புரை ஆபரேஷன்.

மார்ச் மாதம் தேவானை எங்கள் ஆபீஸ் படியேறி வந்தாள். கையில் அந்தச் செய்தி வந்த பிப்ரவரி ‘நாலு வீதி’.

“யாருபா இங்க பாயி? நீதானா? இன்னா பாய் இது? நா எப்ப சாவி வாங்கனேன்? எங்கைல இன்னா கீது பாரு!” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

அவள் சொன்னதன் சாரம் இது. அறக்கட்டளை ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே வாசலிலேயே இந்தச் செய்தியைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். “பேப்பர்லயே வந்திருக்கு பாரும்மா, வாங்கிட்டு மறுபடியும் வந்து நிக்கறியே,” என்று விரட்டிவிட்டார்கள். விடுபட்டவர்களுக்காக மனுக் கொடுத்த குடிசைவாசிகள் சங்கத்துக்காரர்களும் அதே பேப்பரைப் பார்த்துவிட்டு இவள் பெயரைச் சேர்க்கவில்லை. ஆற்றங்கரையில் அக்கம்பக்கத்தார், “வூட்ட வாங்கி வாடகைக்கு வுட்டுட்டு இங்க குந்திக்கினு கீறா,” என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“ஒரு வரி போடு பாய். தேவானைக்கு வூடு குடுக்கலன்னு ஒரே ஒரு வரி. மிச்சத்த நா பாத்துக்கறேன்.”

பாய் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தாலும் வெங்கடேஷ் சாரின் குரல் வெளியே வரும். கபாலி கோயில் மணியோடு போட்டி போடுகிற குரல் அது.

“ஓய் பாய், புரிஞ்சுண்டுதான் பேசறேளா? கடைசிப் பக்கம் முழுக்க அவா விளம்பரம். மறுப்புப் போட்டா அடுத்த வாரம் பேப்பரே கிடையாது. எங்காத்துல எல்லாரும் வாயில விரல வெச்சுண்டு உக்காரணுமா?”

“சார், அந்தம்மா வெளிய உக்காந்துகினு கீது சார்.”

“பாவந்தான். நான் இல்லேங்கலையே. வேற ஏதாவது வழில பண்ணலாம்.”

வேறு வழி எதுவும் பண்ணவில்லை. பாய் வெளியே வந்து, “கொஞ்சம் டைம் குடுமா,” என்றார். தேவானை பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் பாய் ‘கண்ணீர் மல்க’ என்று எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் நின்று போகும். ஆனாலும் எழுதினார்.

ஆகஸ்டில் விருது அறிவிப்பு வந்தது. சிறந்த மக்கள் தொடர்புப் பணி, கயல். சிறந்த வட்டாரச் செய்தியாளர், அன்வர் பாஷா. இருவருக்கும் ஒரே செய்திக்காக, தேவானை சாவி வாங்கிய செய்திக்காக. வெங்கடேஷ் சார் அதைத்தான் போட்டிக்கு அனுப்பியிருந்தார்.

பாய் வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது, நஸ்ருன்னிசா அந்தப் பக்கம் என்ன பேசினாரோ, இவர் “ஹாங்... ஹாங்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். எந்தச் செய்திக்கு என்று சொல்லவில்லை.

விழா சனிக்கிழமை. எனவே புதன்கிழமை செய்தி எழுதியாக வேண்டும். வெங்கடேஷ் சார் உற்சாகத்தில், “முதல் பக்கம் ஓய்! உம்ம போட்டோவோட. நீரே எழுதிடும், உம்மை விட்டா யாருக்கு வரும்?” என்றார். பாய் உட்கார்ந்தார். பழக்கம். அழைப்பிதழைப் பார்த்துத் தேதியும் சிறப்பு விருந்தினர் பெயரும் நிரப்பினார். கடைசி வரியில் கை நின்றது. அப்புறம் தானாக ஓடியது. ‘விருதைப் பெற்றுக்கொண்ட அன்வர் பாஷா, தன் வாழ்நாளில் மறக்க முடியாத செய்தி இது என்று கூறி, கண்ணீர் மல்க நன்றி கூறினார்.’

மூடிய பக்கம் அச்சுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கயலிடமிருந்து போன். “அங்கிள், ஒரு சூப்பர் ஐடியா! அந்த தேவானை ஆன்ட்டி கையாலயே உங்களுக்கு அவார்ட குடுக்க வெச்சா எப்டி இருக்கும்? ஹாலே அழுதுடும்! அவங்க நம்பர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, நீங்க போய்க் கூட்டிட்டு வர்றீங்களா?” அவளுக்கு உண்மையாகவே தெரியாது. பெயர் மாறிய விவரத்தை அறக்கட்டளை அவளிடமும் சொல்லவில்லை; சாவி கொடுத்த அன்று அவளும் அங்கே போயிருக்கவில்லை.

பாய் ஆற்றங்கரைக்குப் போனார். குடிசைகள் இருந்த இடத்தில் பொக்லைன் தடம்தான் இருந்தது. அந்த வாரம்தான் இடித்திருக்கிறார்கள். வீடு கிடைத்தவர்கள் லாரி ஏறிப் போய்விட்டார்கள். தேவானை ஒரு பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வா பாய். குந்து. நாற்காலியெல்லாம் அவங்களோட லாரில பூட்ச்சி,” என்றாள்.

பாய் மண்ணில் உட்கார்ந்தார். விருது விஷயத்தைச் சொன்னார். தன் வாயால் சொல்லி முடிக்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

தேவானை சிரித்தாள். “எனக்கு வூடு கெட்ச்சதுக்கு ஒனக்குப் பரிசா? நல்லா கீதுபா ஒங்க ஞாயம்.” அப்புறம், “நா வரேன். மைக்க என்னான்ட குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“ஒங்கிட்ட குடுக்க மாட்டாங்கமா. எங்கிட்ட ஒரு நிமிசம் குடுப்பாங்க. நான் சொல்றேன். ஹால் நெறைய பத்திரிகக்காரங்க இருப்பாங்க. நான் சொன்னா எல்லா பேப்பர்லயும் வரும். அப்பறம் ஒன்ன யாரும் வெரட்ட முடியாது.”

“மெய்யாலுமா?”

“அல்லா மேல சத்தியமா.”

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் தேவானை, கயல் கூப்பிட்டும் மேடைக்குப் போகாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பிப்ரவரியில் கட்டிய அதே புடவையில். பக்கத்தில் நஸ்ருன்னிசா, கறுப்புக் கண்ணாடியோடு. பாய் அவரிடமும் அன்று காலையில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நஸ்ருன்னிசா தனக்கு வந்த பாதாம் பாலைத் தேவானையின் கையில் வைத்தார்.

“நீ குடிக்கலியாமா?” என்றாள் தேவானை.

“எனக்குச் சக்கர. நீ குடி.”

மேடையில் தொகுப்பாளர் பையன் பண்பலை வானொலியிலிருந்து வந்தவன். மூச்சு விடுகிற இடமே தெரியாது. “ஸோ இப்போ நம்ம எல்லாரும் எதிர்பார்த்துட்டிருக்கிற அந்த மொமென்ட்! நம்ம மயிலாப்பூரோட செல்லப்பிள்ளை! அன்வர் பாஷா சார்!”

பாய் ஏறினார். சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தார்.

“நான் எழுதுன அந்த சேதி... அது நடக்கவே இல்ல. அந்தம்மா சாவி வாங்கல. போட்டோல இருக்கறது ஸ்கூட்டி சாவி. நான் புதங்கிழமையே எழுதிட்டேன். போய்ப் பாக்கல. அந்தம்மா பின்னாடி உக்காந்துகினு கீது. அதுக்கு வூடில்ல. தார்ப்பாய்ல கீது. தயவு பண்ணி நீங்கள்லாம்...”

அழுதுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. வார்த்தை உடைந்ததும், முன் வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். மண்டபம் முழுக்கத் தொற்றிக்கொண்டது.

“வாவ்! என்ன ஒரு பணிவு! என்ன ஒரு நெகிழ்ச்சி! இன்னும் பெருசா ஒரு கைதட்டல்!”

“தட்டாதீங்க,” என்றார் பாய். மைக் அதற்குள் அணைந்துவிட்டது. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கீழே கயல் தன் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேடயத்தை மேடை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். வாசலில் வெங்கடேஷ் சார் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஓய் இப்படிப் பண்ணிட்டேள்?”

“நெஜத்தச் சொன்னேன் சார்.”

“நெஜத்தைப் புதன்கிழமைக்குள்ள சொல்லணும் ஓய்.”

இதில் குரூரம் எதுவும் இல்லை. அவர் கண்கூடக் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அன்று காலையிலேயே எல்லா வீட்டுக் கேட்டுக்கு அடியிலும் ‘நாலு வீதி’ போய்ச் சேர்ந்திருந்தது, பாயின் கண்ணீரோடும் நன்றியோடும்.

மற்ற பத்திரிகைகளும் அப்படியே. விழாவின் செய்திக்குறிப்பு எல்லோருக்கும் முன்பே போயிருந்தது. அந்த மண்டபத்தில் அத்தனை நிருபர்கள் இருந்தும் அன்று யாரும் நிருபராக வரவில்லை. விருந்தாளியாக, பரிசு வாங்குகிறவராக, பரிசு வாங்குகிறவரின் நண்பராக வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் குறிப்பேடு இல்லை. இரண்டு மூன்று பேர் வீடியோ எடுத்திருந்தார்கள். கைதட்டலுக்கு நடுவில் பாதி கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நாள் ஓடியது. ‘பாவம் பாய், ரொம்ப எமோஷனல் ஆயிட்டார்’ என்று எழுதி, கைகூப்பிய பொம்மை போட்டார்கள்.

அடுத்த வாரமும் மறுப்புப் போட வெங்கடேஷ் சார் சம்மதிக்கவில்லை. பாய் தன் அடையாள அட்டையைக் கழற்றி, பக்கம் வடிவமைக்கிற மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்புகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அன்றைக்கென்று வண்டி கிளம்பவில்லை.

கேடயம் கூரியரில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. நஸ்ருன்னிசா அதைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஷோகேஸில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

செப்டம்பரில் பாய் தேவானையைக் கூட்டிக்கொண்டு அறக்கட்டளை ஆபீசுக்குப் போனார், எழுதினவனே நேரில் வந்து சொன்னால் கேட்பார்கள் என்று. வரவேற்பில் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் ஆகஸ்ட் மாத ‘நாலு வீதி’ இருந்தது.

“சார், நீங்க அந்தச் செய்தி தப்புன்னு சொல்றீங்க. ஆனா அதுக்கு அவார்டு வாங்கி நன்றி சொல்லியிருக்கீங்கன்னு இதுல போட்டிருக்கே? ‘வாழ்நாளில் மறக்க முடியாத செய்தி’ன்னு. இத யாரு சார் எழுதினது?”

பாய் பேப்பரை வாங்கிப் பார்த்தார். தன் போட்டோ. சிரித்துக்கொண்டிருக்கிறது.

“நான்தான்பா எழுதுனேன்,” என்றார்.

வெளியே வந்து கிண்டி பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தேவானை கண்ணகி நகரில் தங்கச்சி வீட்டில், வராந்தாவில், பீரோவை மறைப்பாக வைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறாள். மண்டபத்து வேலை போய்விட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து விடிகாலை முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியவில்லை.

பஸ் வருகிற வழியாக இல்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அவரைச் சிரிக்கவைக்கத்தான் தேவானை கேட்டாள்.

“ஏன் பாய், நாளிக்கு நடக்கப்போறத இன்னிக்கே எழுதுவியாமே? எனக்கு வூடு கெட்ச்சிதுன்னு ஒன்னு எழுதேன். அப்பவாச்சும் கெடைக்குதான்னு பாப்போம்.”

பாய் நிமிர்ந்தார். தூரத்தில் பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பவர் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“அதத்தானம்மா மொதல்லயே எழுதிட்டேன்,” என்றார்.